கோடு விழுந்த கடிதம்

அக்காவின் நான்காவது கடிதத்தை நான் பார்த்தபோது அதன் மேல் கோடு விழுந்திருந்தது. அனுப்பியவர், தலைப்பு, நாள் என்று திரையின் அந்த வரியில் இருந்த எல்லாவற்றின் நடுவிலும் ஓடிய ஒரே கோடு. அதற்கு முந்திய மூன்று கடிதங்களை நான் பார்க்கவே இல்லை. இது எப்படி நடந்தது என்று பலரிடம் வாயால் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கொம்பியூட்டர் என்ற சொல் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எழுத்தில் குறுக்கே பேச ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைதான் இருந்தது. அதற்குப் பிறகு டவுன் பள்ளிக்கூடத்துக்கு எட்டு மாதம் நடந்தேன், பிறகு நடக்கவில்லை. நோட்டன் பிரிட்ஜில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவினேன். வலப்பனையில் மரக்கறி மூட்டை தூக்கினேன். கொழும்பில் ஒரு பாத்திரக் கடையில் படுக்க இடம் கொடுத்தார்கள், கூடவே மூட்டைப்பூச்சியும். எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் விரட்டவில்லை, எனக்கே கால் நிற்காது. கடைசியாக ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் கூட்டிப் பெருக்கும் வேலை. பிள்ளைகள் திறந்தபடி விட்டுப் போகும் திரைகளை ஒவ்வொன்றாக மூடுவதும் என் வேலை. மூடுவதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன், அமுக்கிப் பார்ப்பேன். அப்படித்தான் எனக்குத் தெரிந்ததெல்லாம் தெரிந்தது. முழுதாகத் தெரியாது. தெரிந்தவன் மாதிரிப் பேச மட்டும் வந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஹட்டனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போன், பெக்ஸ், போட்டோ கொப்பி, புதிதாக ஈமெயில். முதலாளிக்குப் பொகவந்தலாவை பஜாரில் இன்னொரு கடை இருந்தது. அங்கே நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றபோது நான் என் கூட்டாளியைச் சொன்னேன். கூட்டிக்கொண்டு வந்து நான்தான் வேலையும் பழக்கினேன்.

அவன் எங்கள் தோட்டம்தான், வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த லயம். சின்ன வயதிலிருந்தே என்னை மச்சான் என்று கூப்பிடுவான். பிறகு அது உண்மையாகவே ஆவதற்கு இருந்தது. அவனுக்கும் அக்காவுக்கும் பேசி முடித்து, இரண்டு வீட்டாரும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். லயத்து அறையில் இன்னொரு குடும்பம் தொடங்க இடமில்லை, பின்பக்கம் ஓர் அறை எடுக்க வேண்டும். இரண்டு வருடம் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய்விட்டு வந்து கல்யாணம் என்று அக்காதான் சொன்னாள். அவனும் ஒப்புக்கொண்டான். விமான நிலையத்துக்குப் போகும் வேனில் அம்மா அழுதபோது, "ரெண்டு வருசந்தானே அத்த, கண்ண மூடித் தொறந்தா ஓடிரும்" என்று தேற்றியதும் அவன்தான்.

தோட்டத்தில் யாருக்கும் வீட்டு முகவரி என்று ஒன்று கிடையாது. எந்தக் கடிதமும் தோட்டத்து ஒபீசுக்கு வரும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். அவர் மறந்தால் ஒரு கிழமை, ஏழு நாளும், அவருடைய கோட்டுப் பைக்குள்ளேயே கிடக்கும். அதில் யாரும் குறை காணவில்லை. ஒரு முகவரி, பல பேர், நடுவில் ஓர் ஆள். கடிதம் என்றால் அப்படித்தான் வரும் என்று எங்களுக்கு இருந்தது. அதனால் ஈமெயில் வந்தபோது ஆளுக்கொரு முகவரி என்ற யோசனையே யாருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. கடை முகவரி ஒன்று. தலைப்பில் இன்ன தோட்டம், இன்ன டிவிசன், இன்னார் மகள் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் கடிதங்கள் அதே மாதிரி வந்தன. அக்காவும் அதே முகவரிக்குத்தான் எழுதினாள். தலைப்பில் 'தம்பிக்கும் அவருக்கும்' என்று போடுவாள்.

இணைப்புப் போட்டுக் கொடுக்கக் கொழும்பிலிருந்து இன்டர்நெட் கொம்பனி ஆள் ஒருவன் வந்திருந்தான். சிங்களப் பையன், என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை மல்லி, அதாவது தம்பி, என்றான். "மல்லி, இதுக்கு ரெண்டு வழி இருக்கு" என்று சிங்களத்தில் விளக்கினான்.

முதல் வழிக்குப் பெயர் பொப். போன் லைனைப் போட்டதும், கொம்பனியின் பெரிய மெசினில் சேர்ந்து கிடக்கிற கடிதமெல்லாம் நம் மெசினுக்குள் இறங்கும். இறங்கிய பிறகு அங்கே ஒன்றும் இருக்காது. லைனை வெட்டிவிட்டு ஆறுதலாகப் படிக்கலாம். இரண்டாவது வழிக்குப் பெயர் ஐமேப். கடிதம் அங்கேயே இருக்கும். நாம் இங்கிருந்து பெட்டியைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். எத்தனை மெசினில் திறந்தாலும் அதே பெட்டி. ஒன்றில் படித்தால் மற்றதிலும் படித்ததாகக் காட்டும். ஆனால் பார்க்கிற நேரம் முழுக்க லைன் திறந்திருக்க வேண்டும்.

"ஒங்களுக்கு எத்தன மெசின்?" என்று கேட்டான்.

"ரெண்டு. ரெண்டு ஊர்ல."

"அப்ப ரெண்டாவது வழிதான் ஒங்களுக்கு."

நான் முதலாவதைப் போடச் சொன்னேன். மழை பெய்தால் பொகவந்தலாவைப் பக்கம் லைன் விழுந்துவிடும். ஒரு கடிதத்தைத் திறந்து பாதி படிப்பதற்குள் வெட்டும். போன் பில்லைப் பார்த்து முதலாளி கத்துவார். சரி, இறக்கினாலும் அங்கே ஒரு பிரதியை விட்டு வைக்க ஒரு கட்டம் இருக்கிறது, அதிலாவது சரி அடையாளம் போடு என்றான் அவன். பெட்டி சின்னது, நிரம்பினால் புதுக் கடிதம் திரும்பிப் போகும் என்று அவனே சொல்லியிருந்தான். அதற்குப் பயந்து அந்தக் கட்டத்தையும் வெறுமனே விட்டேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். அன்று நான் சாமர்த்தியம் என்று நினைத்தது இதைத்தான்.

அதன் பிறகு, யார் முதலில் லைன் போடுகிறாரோ அவருடைய மெசினுக்குள் எல்லாக் கடிதமும் போனது. பொகவந்தலாவைக் கடை முதல் பஸ்ஸோடு திறக்கும். எங்கள் கடை எட்டரைக்கு. ஆகவே பெரும்பாலும் அவனுக்குத்தான் எல்லாம் இறங்கும். ஹட்டன்காரர்களின் கடிதங்களை அவன் அச்செடுத்து, உறையில் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவான். பத்து மணி பஸ்ஸில் உறை வரும். கண்டக்டர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "இந்தா ஒங்க தபால் கந்தோரு" என்று கொடுப்பார். பொகவந்தலாவைக் கடிதம் எனக்கு இறங்கினால் நானும் அப்படியே அனுப்புவேன். கொம்பியூட்டர் கடிதத்தைப் பொகவந்தலாவை வரை கம்பியில் வரவழைத்து, அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தோம். சிரிப்புத்தான். ஆனால் ஒழுங்காக நடந்தது.

அக்காவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் எழுத முடியும். அந்த வீட்டு மகள் அன்றைக்குத் தன் கொம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் விட்டுக் கொடுப்பாள். அக்கா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பாள். அங்கே வெள்ளிக்கிழமை பின்னேரம் அடித்தது சனிக்கிழமை காலை அவனுடைய மெசினில் இறங்கும், பத்து மணி உறையில் எனக்கு வரும். அதைக் கொண்டுபோய் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வாசிப்பேன். ஏறக்குறைய இரண்டு வருடம் ஒரு கிழமை தவறாமல் அப்படித்தான், அவள் கடிதம் வந்த பிறகுதான் நான் பதில் எழுதுவதும்.

பிறகு உறையில் அக்காவின் தாள் இல்லை. முதல் கிழமை நான் ஒன்றும் நினைக்கவில்லை. இரண்டாவது கிழமை போன் போட்டுக் கேட்டேன்.

"அக்காவோடது வரலியா மச்சான்?"

"இல்லடா. நானுந்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அந்தப் பொண்ணுக்கு ஏதும் பரீட்சையா இருக்கும், கொம்பியூட்டரு குடுத்திருக்க மாட்டா."

அது சரியாகத்தான் பட்டது. அவனுக்கு என்னைவிட அதிகமாகக் கவலை இருக்கும் என்று நினைத்து, நான்தான் அவனுக்குத் தைரியம் சொன்னேன். "நீ ஒண்ணும் மனசக் கொழப்பிக்காத மச்சான்" என்றேன். இன்றைக்கும் அந்த வாக்கியம் ஞாபகம் வந்தால் காது சுடும்.

வழியை மாற்ற வைத்தவர் ஒரு டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் படிப்பித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கனடாவில். ஒருநாள் கடைக்குள் வந்து கைப்பையை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"தம்பி, அண்ணா முந்தாநாள் போட்டதெண்டு சொல்லுறார். என்ர கடிதம் எங்க?"

"பொகவந்தலாவைக்குப் போயிருக்கும் டீச்சர். பத்து மணி பஸ்சுல வரும்."

"கனடாவிலயிருந்து எனக்குப் போட்ட கடிதம் என்னத்துக்குப் பொகவந்தலாவைக்குப் போகுது? அங்க எனக்கு ஒருத்தரும் இல்ல."

"மெசினு அப்பிடி டீச்சர்."

"மெசினோ, நீங்களோ? என்ர குடும்ப விசயத்த அங்க ஒரு பொடியன் எடுத்து வாசிச்சு, அச்சடிச்சு, கண்டக்டர் வாசிச்சு, பிறகுதான் நான் வாசிக்கிறன். இதுக்கு அண்ணா சந்தியில நிண்டு கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அப்போதுதான் ஹட்டனுக்கு எந்நேரமும் திறந்திருக்கிற புது லைன் வந்திருந்தது. அதை எடுத்துத் தருகிறேன், கடிதம் இரண்டு கடையிலும் தெரிகிற மாதிரிச் செய் என்றார். நான் கொழும்புக் கொம்பனிக்குப் போன் போட்டு, அந்தப் பையன் சொன்ன இரண்டாவது வழியைக் கேட்டு எழுதிக்கொண்டேன். என் மெசினை மாற்றினால் மட்டும் போதாது. அங்கே ஒரு மெசின் பழைய வழியில் இருந்தால், அது பெட்டியிலுள்ள எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ஒரு புதன்கிழமை பொகவந்தலாவைக்குப் போனேன்.

அவன் எனக்கு இஞ்சி பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான். நான் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்ததும் பின்னால் வந்து நின்றான்.

"ஓடுறத எதுக்கு மச்சான் கழட்டுற? மொதலாளிக்கு வேற வேல இல்லியா?"

"டீச்சரு சண்ட புடிச்சிட்டாங்கடா. இனிமே ஒனக்குத் தெரியிறது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியிறது ஒனக்கும் தெரியும்."

"எல்லாமுமா?"

"எல்லாமுந்தான். ஒரே பெட்டி."

என் காலி கிளாசை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு கேட்டான். "வேணாத மெயிலு வரும்ல. அத அழிச்சா?"

"அழிச்சா அழிஞ்சதுதான்."

எனக்கு அது தெரியாது. தெரிந்தவன் மாதிரிச் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை எட்டரைக்குக் கடையைத் திறந்து பெட்டியைப் பார்த்தேன். ஏழெட்டுப் புதுக் கடிதங்கள் தடித்த எழுத்தில் இருந்தன. நடுவில் ஒன்று மெல்லிய எழுத்தில், அதன் மேல் கோடு. யாரோ படித்திருக்கிறார்கள் என்பதற்குத்தான் மெல்லிய எழுத்து, அது தெரியும். கோடு எதற்கு என்று தெரியவில்லை. திரையில் ஏதோ கோளாறு என்று நினைத்து விரலால் துடைத்துக்கூடப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே அக்காவின் முகவரி இருந்தது. அமுக்கினேன். திறந்தது.

"தம்பி, இது நாலாவது. மூணுக்கும் பதிலு இல்ல. அவருக்கும் சேத்துத்தான் எழுதுறேன். ரெண்டு வருசம் முடியிது. ஞாயித்துக்கெழம ஏஜென்சிக்காரன் பேப்பர் கொண்டாறான். இன்னும் ரெண்டு வருசத்துக்கு சைன் வைக்கச் சொல்லி மேடம் கேக்குறா. வான்னு ஒரு வார்த்த எழுதுங்க, நான் வந்துர்றேன். ஒண்ணும் எழுதலன்னா வர வேணாம்னு அர்த்தம்னு எடுத்துக்குவேன். அம்மாவுக்கு இருமலு எப்பிடி?"

இரண்டு தடவை வாசித்தேன். புது வழியில் ஒரு கடிதத்தை அழித்தால் அது உடனே போய்விடாது. அழிக்கச் சொன்னார்கள் என்று அடையாளமாக ஒரு கோடு மட்டும் விழும். முழுதாகத் துடைத்தெடுக்க இன்னொரு கட்டளை கொடுக்க வேண்டும். இது எனக்கே பிறகு தெரிந்ததுதான். அவனுடைய திரையிலும் அதே கோடுதான் விழுந்திருக்கும். ஆனால் தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கோடு என்றால் வேறு. வேலையாட்களின் பேர் எழுதுகிற செக்ரோல் புத்தகத்தில் ஒரு பெயரின் மேல் தோட்டத்துத் துரை கோடு இழுத்தால் பேர் வெட்டியாயிற்று. அடுத்த நாளிலிருந்து அந்த ஆளுக்கு மலையில் வேலை இல்லை. கோட்டுக்குக் கீழே பெயர் நன்றாகத் தெரியும், ஆனாலும் அது இல்லாத பெயர். அவனுடைய அப்பாவின் பெயரே ஒருமுறை அப்படி வெட்டுப்பட்டது. கோடு விழுந்ததைப் பார்த்ததும் காரியம் முடிந்தது என்று அவன் அந்தப் பக்கத்தை மூடியிருக்கிறான்.

அப்போது இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. நாளைக்கு ஞாயிறு. 'வா. கையெழுத்துப் போடாதே. அம்மா சுகம். உன் கடிதம் எதுவும் எனக்கு வரவில்லை' என்று பதில் அடித்து அனுப்பினேன். அனுப்பும்போதே தெரியும், அவள் அதை அடுத்த வெள்ளிக்கிழமைதான் பார்ப்பாள்.

அந்த வீட்டுப் போன் நம்பர் எங்களிடம் இருந்தது. சாவுச் செய்தி என்றால் மட்டும் கூப்பிடலாம் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். கடைப் போனிலேயே எடுத்தேன். ஒரு பொம்பளை அரபியில் பேசினாள். நான் "சிஸ்டர், சிறிலங்கா, சிஸ்டர்" என்றேன். அவள் சட்டென்று குரலைத் தாழ்த்தி, "மௌத்? மௌத்?" என்று கேட்டாள். எங்கள் டவுனில் முஸ்லிம் கடைகளில் வேலை செய்த எவனுக்கும் அந்தச் சொல் தெரியும். செத்துப் போனார்களா என்று கேட்கிறாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அக்காவைக் கூப்பிட்டிருப்பாள். நான் அம்மாவை நினைத்தேன், வாய் வரவில்லை. "நோ, நோ மௌத்" என்றேன். அவள் ஏதோ திட்டிவிட்டு வைத்துவிட்டாள். மறுபடி எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை அதுவும் இல்லை. வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், வேலைக்காக, சாப்பாட்டுக்காக. சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை.

முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பொகவந்தலாவை பஸ் ஏறினேன். அவன் ஒரு கிழவருக்கு அடையாள அட்டை கொப்பி எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்னாடா மச்சான், சனிக்கெழம கடையப் போட்டுட்டு? மொதலாளி வெரட்டிட்டாரா?"

கிழவர் போகும் வரை நின்றேன். பிறகு, "அக்கா கடிதத்துல ஏன்டா கோடு போட்ட?" என்று கேட்டேன்.

அவன் முகத்தில் முதலில் பயம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. "அது ஒனக்குத் தெரிஞ்சிச்சா? அழிச்சா அழிஞ்சதுன்னு நீதான சொன்ன?"

"மத்த மூணு?"

 நான் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பழைய வழியில் இறங்கிய கடிதங்கள் அந்த மெசினில்தான் இருந்தன. அழித்தவை போய்ச் சேருகிற கூடை ஒன்று தனியாக உண்டு, அதை நான் அவனுக்குக் காட்டிக் கொடுத்ததில்லை. திறந்தேன். மூன்றும் கிடந்தன. அச்செடுக்கக் கொடுத்தேன். மூன்றாவதற்குத் தாள் தீர்ந்து மெசின் கத்தியது. அவனே வந்து கட்டைப் பிரித்துத் தாள் வைத்தான்.

"யாருடா?" என்றேன்.

"டெய்லர் கடைக்காரரு மக. அஞ்சு மாசமா."

"வீட்டுல தெரியுமா?"

"அவங்க வீட்டுல தெரியும். எங்க வீட்டுல எப்பிடிச் சொல்றது? வெத்தல மாத்தியிருக்கு. அவ அங்கயே இன்னும் ரெண்டு வருசம் இருந்தா, நாங்க கல்யாணம் எழுதிட்டு இந்தப் பக்கமே இருந்துருவோம். வந்து பாக்குறப்ப ஆறிப் போயிருக்கும். யாருக்கும் சங்கடம் இல்லன்னு நெனச்சேன் மச்சான்."

"மச்சான்னு சொல்லாத."

"சரி."

"இப்ப ஒக்காந்து எழுது. நீ வேற ஒருத்தியக் கட்டப் போறேன்னு எழுது. அதையாச்சும் நீயே சொல்லு."

"நான் எழுதுனா என்னா, நீ எழுதுனா என்னா? வெள்ளிக்கெழமதான பாப்பா?" அதற்குப் பிறகு, மேசையைப் பார்த்துக்கொண்டே, "எல்லாக் கடிதத்தையும் ஒரே பெட்டிக்குள்ள போடச் சொன்னதே நீதான. தனித்தனியா இருந்திருந்தா நான் ஏன் பாக்கப் போறேன்?" என்றான்.

அடிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். கை எழும்பவில்லை. நான் பழக்கிய வேலையை, நான் பழக்கியபடி, ஒரு தவறும் இல்லாமல் செய்திருந்தான். முதல் பஸ்ஸோடு கடை திறந்தான், லைன் போட்டான், பெயர் பார்த்துப் பிரித்தான், உறையில் போட்டான். ஒரு தாளை மட்டும் போடவில்லை. மூன்று தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் அந்தத் தாள்களை வாசித்தேன். முதலாவதில் அவன் ஏன் முன்னைப் போல் எழுதுவதில்லை என்று கேட்டிருந்தாள். இரண்டாவதில் ஊருக்கு வரும்போது அவனுக்கு என்ன அளவில் சட்டை எடுப்பது என்று. மூன்றாவதில் ஒன்றும் கேட்கவில்லை, எல்லாரும் சுகமா என்று மட்டும்.

அந்தக் கிழமை முழுக்க எங்கள் இரண்டு மெசினுக்கும் ஒரே பெட்டிதான் தெரிந்தது. நான் அக்காவுக்கு அனுப்பிய பதிலும் அனுப்பியவற்றில் அவனுக்குத் தெரிந்திருக்கும். அதை அவன் அழிக்கவில்லை. அழித்தும் பயனில்லை, போய்ச் சேர்ந்துவிட்டது. அவளுக்கு இன்னொரு நீளக் கடிதமும் எழுதினேன். பொப் என்றால் என்ன, ஐமேப் என்றால் என்ன, ஏன் முதல் மூன்றும் எனக்குத் தெரியவில்லை, நான்காவது எப்படித் தெரிந்தது என்று எல்லாம். டெய்லர் மகளைப் பற்றியும் எழுதினேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது எனக்கே அது ஒரு களவாளி சொல்கிற கதை மாதிரி இருந்தது. ஆனாலும் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை கடை மூடுகிற நேரம் கழிந்தும் பெட்டியைத் திறந்தபடியே வைத்திருந்தேன். இரவு எட்டரைக்கு வந்தது. தடித்த எழுத்தில். தலைப்பில் 'தம்பிக்கு' என்று மட்டும் இருந்தது.

"சைன் வச்சாச்சு. நீ எழுதுனது எல்லாம் படிச்சேன். மெசினு கத எனக்கு வெளங்கல. ஒரு அட்ரசுதான். நான் போட்டது ரெண்டு பேருக்குந்தான். அவரு பாத்தா நீயும் பாத்திருப்ப. நாலாவது மட்டும் தெரிஞ்சிச்சு, மூணு தெரியலன்னா யாரு நம்புவா? அவருக்கு என்னய வேணாம்னா அது அவரு இஷ்டம். ஒனக்கும் சங்கடமா இருந்தா நீ சொல்லியிருக்கலாம். அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்."

பதில் எழுதினேன். அடுத்த கிழமையும் எழுதினேன். அந்த மூன்று தாள்களிலும் மேல் ஓரத்தில் பொகவந்தலாவை மெசினின் பெயர் அச்சாகியிருந்தது. அதைப் படமெடுத்து அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். அந்த வீட்டு மகள் இரங்கிக் கொடுக்கிற கால் மணி நேரத்தில் அவள் எதை நம்புவாள்? அவள் பெயரில் தனியாக ஒரு முகவரி திறந்தேன். இதில் வருவது உனக்கு மட்டும்தான், உலகத்தில் எந்த மெசினில் திறந்தாலும் அப்படியே இருக்கும் என்று எழுதினேன். பதில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, ஏஜென்சி போனிலிருந்து அம்மாவிடம் பேச வேண்டும் என்று கடைக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். குறித்த நேரத்துக்கு அம்மாவைக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். மணி அடித்ததும் நான்தான் எடுத்தேன்.

"அம்மாகிட்ட குடு."

"குடுக்குறேன் அக்கா. ஒரு நிமிசம் கேளு. ஒனக்குன்னு புதுசா ஒரு பெட்டி தொறந்திருக்கேன். பாஸ்வேர்டு போட்டுருக்கேன். யாரும் பாக்க முடியாது."

"நீதான போட்ட?"

"ஆமா."

"அப்ப ஒனக்குத் தெரியும்ல."

மாற்றிக்கொள்ளலாம், மாற்றுவதற்கு வழி இருக்கிறது, நானே எப்படி என்று சொல்லித் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். மறுபக்கம் அவள் காத்துக்கொண்டிருந்தாள். அம்மா கையை நீட்டினாள். நான் போனைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளுக்குக் கொப்பி எடுக்கப் போனேன்.